பெஞ்சில் இரண்டாவது நாற்காலி

மூங்கில்துறைப்பட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி என்றால் இரண்டு பஸ். ஒன்று தென்பெண்ணையைத் தாண்டி வடக்கே திருவண்ணாமலைக்குப் போவது. மற்றது சங்கராபுரம் வழியாகத் தெற்கே கள்ளக்குறிச்சிக்குப் போவது. எதில் ஏறினாலும், போய்ச் சேரும் கல்லூரியில் ஒரு கூடைப்பந்து கோர்ட் இருக்குமானால், பெரும்பாலும் அதற்குப் பொறுப்பு ஒரே ஆள்தான்: எல்லோரும் ‘பி.டி.’ என்று கூப்பிடும் உடற்கல்வி இயக்குநர். கபடி, கோ-கோ, வாலிபால், தடகளம் எல்லாம் அவர் தலையில். பிள்ளைகளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுத் தரச் சொல்லி ஒவ்வொரு துறைத்தலைவரிடமும் கெஞ்ச வேண்டும், ஜெர்சிக்குக் கொட்டேஷன் வாங்க வேண்டும், ஜோனல் போட்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இத்தனையும் போக மிஞ்சும் மாலை நேரத்தில்தான் பயிற்சி. உதவிப் பயிற்சியாளர் என்று ஒரு பதவி கிடையாது. ஆனால் அந்த வேலை இருக்கிறது; மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா ஒருத்தி சம்பளமில்லாமல் அதைச் செய்துவிட்டுப் போகிறாள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது முழுநேரத் தொழில். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிகள் முன்பு மூன்று உதவியாளர்களை வைத்துக்கொண்டிருந்தன. 2023 முதல் கூடுதலாக இருவரைச் சேர்க்கலாம் என்று ஆயிற்று. ஒருவர் ‘கார்டு’ இடத்தில் ஆடுபவர்களைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் உயரமான பிள்ளைகளை. எதிரணியின் கடைசிச் சில ஆட்டங்களை வீடியோவில் திரும்பத் திரும்ப ஓட்டி, அவர்களுடைய பாயின்ட் கார்டு இடது கையால் டிரிபிள் செய்யத் தயங்குகிறாள் என்று கண்டுபிடித்து, மறுநாள் காலை அதை ஒரு பக்கத்தாளில் எழுதித் தருபவர் இந்த உதவியாளர்களில் ஒருவர்தான். தலைமைப் பயிற்சியாளர் டைம் அவுட்டில் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம் பல நேரம் இவருடைய இரவுத் தூக்கத்தை விற்று வாங்கியது.

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான உதாரணம் சோனியா ராமன். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடினார், அங்கேயே உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கினார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2002-லிருந்து ஆறு ஆண்டு வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர். 2008-ல் எம்.ஐ.டி.யின் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றுப் பன்னிரண்டு பருவங்கள் இருந்தார். விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. பொறியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டே பயிற்சிக்கு வரும் பெண்களை வைத்துத் தன் லீக்கின் பட்டத்தையும் வென்று காட்டினார். அதன் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2020-ல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் என்ற தொழில்முறை ஆண்கள் அணிக்கு மறுபடியும் உதவியாளராகப் போனார். 2025-ல் நியூயார்க் லிபர்ட்டி பெண்கள் அணியில் உதவியாளர். அதே ஆண்டு அக்டோபரில் சியாட்டில் ஸ்டார்ம் அணியின் தலைமைப் பயிற்சியாளர். தலைமையில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர் இரண்டாவது நாற்காலிக்குத் திரும்பியதை நம் ஊரில் பதவி இறக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த வாழ்க்கைப் பாதையைப் போற்றுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வெல்லெஸ்லி நாட்களில் அவருக்குப் பகலில் வழக்கறிஞர் வேலை இருந்தது. சிறு கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் சம்பளத்தை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பாரா என்பது சந்தேகம். அங்கேயும் கீழ்ப்படிகளில் நிற்க வேறொரு வருமானம் தேவைப்படுகிறது.

மேல்படியிலும் கோளாறு இல்லாமல் இல்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டெய்லி 1985-லிருந்து பெண்கள் அணித் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஔரியெம்மாவுக்குத் துணை. அணி 2025 வரை 12 தேசியப் பட்டங்கள் வென்றிருக்கிறது. 2024 நவம்பரில் ஔரியெம்மா 1,217-வது வெற்றியோடு கல்லூரிக் கூடைப்பந்தில் எல்லோரையும் முந்தினார். அந்த இரவு டெய்லியையும் சேர்த்தே கொண்டாடினார்கள். ஆனால் சாதனைப் பட்டியலில் எண் ஒருவர் பெயரில்தான் ஏறியது. டெய்லி விரும்பித் தங்கியவர், அவருக்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. விரும்பாமல் தங்கியவர்கள் எத்தனையோ பேர். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்னொரு கோளாறு, தலைமை நாற்காலியே பெண்கள் கையை விட்டுப் போனது. 1972-ல் கல்வியில் பாலினச் சமத்துவச் சட்டம் வந்தபோது, எல்லா விளையாட்டையும் சேர்த்து, அங்கே பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியளித்தார்கள். சட்டத்தால் பணம் வந்தது, பணத்தோடு ஆண்கள் வந்தார்கள். பெண் தலைமை பாதிக்கும் கீழே இறங்கியது.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளிலேயே இந்தப் பதவியின் லட்சணம் தெரியும். தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவியாளர் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம். உதவியாளர் நடுவரிடம் பேசக்கூடாது. அவர் வாய் தவறினால் டெக்னிக்கல் ஃபவுல் தலைமைப் பயிற்சியாளர் கணக்கில் எழுதப்படும். தலைமைப் பயிற்சியாளரால் தொடர முடியாமல் போனால் உதவியாளர் பொறுப்பேற்பார். ஸ்கோர் ஷீட்டில் உதவியாளர் பெயரே இல்லையென்றால் அணியின் கேப்டன் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் அதை அவசரத்துக்கு வைத்தார்கள். நம் கல்லூரிகளில் அதுவே அன்றாடம். பி.டி. தடகளப் பிள்ளைகளோடு வேறு மைதானத்தில் இருப்பார். நான்காவது குவார்ட்டரில் மூச்சு வாங்கும் கேப்டனே யாரை மாற்றுவது என்றும் யோசிப்பாள்.

நம் அமைப்பைக் குறை சொல்லும்போது அதன் பலத்தையும் சொல்லத்தான் வேண்டும். நிரந்தரப் பணியில் இருக்கும் உடற்கல்வி இயக்குநரை ஓர் அணி தோற்றதற்காக யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்தப் பாதுகாப்பில் முப்பது ஆண்டு ஒரே மைதானத்தில் நின்று, கிராமத்துப் பெண்களை ஆளாக்கியவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். ஆனால் அந்தப் பணிக்கான வாசல் பயிற்சித் திறமையை அளப்பதில்லை. 2018 பல்கலைக்கழக மானியக் குழு விதிகள்படி முதுகலையில் 55 சதவீதம், தகுதித் தேர்வு, அதோடு உடல்தகுதிச் சோதனை: முப்பது வயதுக்குட்பட்ட பெண் எட்டு நிமிடத்தில் 1,000 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். நடந்தே கடக்கலாம் என்றால் அது எதைச் சோதிக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. யாரிடமாவது இரண்டு ஆண்டு உதவியாளராக வேலை கற்றிருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வரி கிடையாது.

அதனால் நல்ல ஆட்டக்காரிகள் எங்கே போகிறார்கள்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு. இந்திய அணிக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரைக்கே சோறு போட்டது தெற்கு ரயில்வே. அது நல்ல வேலை, குறையில்லை. வேலை கிடைக்காத மற்றவர்கள் பி.பி.எட்., எம்.பி.எட். என்று நான்கு ஆண்டு படித்து, முடிந்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஓராண்டு டிப்ளமாவும் முடித்து, தனியார் பள்ளியில் தொகுப்பூதியத்துக்குச் சேர்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர் நிலைமை என்னவென்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஒப்பந்தப் பயிற்சியாளர் நிலைமையும் அதுவே.

அண்மையில் இரண்டாவது நாற்காலிக்கு ஒரு வழி திறந்தது, ஆனால் தவறான காரணத்துக்காக. வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் ஒரு சைக்கிள் வீராங்கனை தன் பயிற்சியாளர் மீது புகார் சொன்னதையடுத்து, 2022 ஜூனில் இந்திய விளையாட்டு ஆணையம் வீராங்கனைகள் உள்ள குழுக்களோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் பயணம் செய்வதைக் கட்டாயமாக்கியது. தேவையான உத்தரவு, அதில் மறுப்பில்லை. ஆனால் கல்லூரி அளவில் இப்படி உடன்போகும் பெண்ணுக்குக் கிடைக்கிற வேலை ரூம் சாவி, பிள்ளைகளின் போன், சாப்பாட்டுக் கணக்கு. ஆட்டம் நடக்கும்போது அவர் பெஞ்சின் கடைசியில் தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்திருப்பார். காவலுக்கு ஆள் வேண்டும் என்று ஒத்துக்கொண்டவர்கள், பயிற்சிக்கும் அவர் வேண்டும் என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தாழ்ந்த நாற்காலியைவிட நாற்காலியே இல்லாதது மோசம் என்பது என் முடிவு. அமெரிக்காவின் வேலை நீக்கக் கலாசாரம் நமக்கு வேண்டாம். ஐந்து உதவியாளர்களும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒருவர், அருகருகே உள்ள மூன்று நான்கு கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பொதுவாக, போதும். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டம் சிறு மையங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தந்து, அதில் முன்னாள் வீரருக்கு ஊதியம் கொடுக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதே அளவுப் பணம் இதற்கும் ஆகும். பதவியை உருவாக்கும் உத்தரவிலேயே வேலை என்னவென்றும் எழுதிவிட வேண்டும்: எதிரணி பற்றிய குறிப்பு, தனித்திறன் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு போட்டித் தொடரிலாவது தலைமைப் பொறுப்பு. எழுதாமல் விட்டால் முதல் வாரத்திலேயே அவர் கையில் ஜெர்சி கொட்டேஷன் வந்து சேரும்.