சீல் வைத்த தரவில் கணக்குப் போட முடியுமா?

பிளாக்செயினில் தரவை அப்படியே ஏற்றிவைப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. எத்தீரியத்தில் 32 பைட்டைப் புதிதாக எழுதவே குறைந்தது 20,000 கேஸ் (கட்டண அலகு) செலவாகும். ஒரு கிலோபைட்டுக்கு ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே சங்கிலியில் அடையாளம், தரவு வேறெங்கோ என்ற ஏற்பாடு வந்தது. அந்த 'வேறெங்கோ'வையும் பிளாக்செயினாகக் கட்டியதுதான் ஃபைல்காயின். 2020 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 2023 மார்ச்சில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது சங்கிலியிலேயே ஓடும் நிரல், என்ற வசதியும் சேர்ந்தது. இனிச் சேமிப்பும் கணிப்பும் ஒரே கூரையின் கீழ் என்றார்கள். அதில் முதல் பாதியைத் தாராளமாக நம்பலாம்.

கிளவுட் நிறுவனங்களிடம் 'உங்கள் கோப்பு பத்திரமாக இருக்கிறது' என்ற வாக்குறுதிதான் கிடைக்கும். ஃபைல்காயின் சான்று கேட்கிறது. தரவை 32 ஜிபி பகுதிகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக 11 அடுக்குகளில் உருமாற்றி 'சீல்' வைக்கிறார்கள். அது பல மணி நேர வேலை. பிறகு ஒவ்வொரு பகுதியும் இருக்கிறதா என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். தவறினால் சேமிப்பாளர் கட்டிய பிணைத்தொகையில் கைவைப்பார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற ஆவணக் காப்பகங்கள் இங்கே பிரதி வைப்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

சிக்கலும் அந்தச் சீலில்தான் இருக்கிறது. கேட்ட நொடியில் பிரதியை உருவாக்கிக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் அதை வேண்டுமென்றே மெதுவாக வடிவமைத்தார்கள். சீலைப் பிரிப்பதற்கும் அதே போல மணிக்கணக்காகும். கணிப்புக்கோ தரவு உடனே கைக்கு வர வேண்டும். எனவே சேமிப்பாளர் சீல் இல்லாத இன்னொரு பிரதியைத் தனியே வைத்துக்கொள்கிறார், கணக்கெல்லாம் அதில்தான். தினசரிச் சான்றோ சீல் வைத்த பிரதிக்கு மட்டுமே.

ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்குத் தெரிவதும் ஒப்பந்தத்தின் காலம், விலை, கோப்பின் அடையாளம் ஆகியவையே. கோப்புக்குள் இருக்கும் ஒரு பைட்டைக்கூட அதனால் படிக்க முடியாது. ஒப்பந்தத்தைத் தானாகப் புதுப்பிக்க அது உதவும். நல்ல வசதிதான், ஆனால் அது சேமிப்பைப் பற்றிய கணக்கு. தரவின் மேல் போடும் கணக்கு வேறு.

அதற்கென வந்த பக்கல்யாவ் திட்டம், தரவு கிடக்கும் இடத்துக்கே நிரலை அனுப்புகிறது. டெராபைட்டுகளை நகர்த்துவதைவிட ஒரு டாக்கர் கன்டெய்னரை அனுப்புவது மலிவு. யோசனை மறுக்க முடியாதது. ஆனால் வந்த விடை சரியா என்று எப்படித் தெரியும்? பல கணினிகளில் ஓட்டி ஒப்பிட்டால் செலவும் அத்தனை மடங்காகும். தசமக் கணக்குகள் ஜிபியுவுக்கு ஜிபியு கடைசி இலக்கங்களில் மாறவும் கூடும். கணக்கைத் திரும்பப் போடாமலே விடையைச் சரிபார்க்க உதவும் பூஜ்ய அறிவுச் சான்றை உருவாக்குவதோ மூலக் கணக்கைவிடப் பல மடங்கு கனமான வேலை. கடைசியில் இயந்திரக்காரரின் சொல்லைத்தான் நம்புகிறோம். யாரும் திரும்ப ஓட்டிப் பார்க்கக்கூடிய பொதுத் தரவுக்கு, செயற்கைக்கோள் படங்கள் போன்றவற்றுக்கு, இது போதும். மருத்துவப் பதிவுகளுக்குப் போதாது: மறையாக்கம் செய்யாமல் அந்நியரிடம் தர முடியாது, செய்தால் கணக்குப் போட நடைமுறையில் சாவியையும் தந்தாக வேண்டும்.

2025-இல் சீல் இல்லாத சான்று முறை ஒன்றும் ஃபைல்காயினுக்கு வந்தது. திறந்தே கிடக்கும் தரவிலிருந்து சிறு துண்டுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் அது கணிப்புக்குத் தோதானது. ஆனால் மூன்று பிரதிக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் வைத்திருப்பவரை அதனால் பிடிக்க முடியாது.