தாளமும் பெயரும்: ஜெவ் போர்க்காரோவின் இசைப்பணி குறித்து

றொக் இசை பற்றிய விமர்சனங்களிற் பெரும்பாலானவை பாடகனையும் கிற்றார்க் கலைஞனையும் மையமாகக் கொண்டவை. தாளம் வாசித்தவன் பெயர் இசைத்தட்டு உறையின் பின்புறத்தில், சிறிய எழுத்துக்களில் அடங்கிவிடுகின்றது. அமெரிக்கரான ஜெவ் போர்க்காரோவின் (1954–1992) இசைவாழ்வு இந்நிலையை மீள்நோக்கத் தூண்டுவதாகும்.

தாளவாத்தியக் கலைஞர் ஒருவரின் மகனான அவர், பள்ளிப் படிப்பு முடியுமுன்னரே சொனி, ஷெர் என்னும் பாடகத் தம்பதியரின் குழுவிற் சேர்ந்தார். பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக்கூடங்களிற் கூலிக்கு வாசித்தார். ஸ்ரீலி டான் குழுவின் 'கேற்றி லைட்' (1975), பொஸ் ஸ்காக்ஸின் 'சில்க் டிகிறீஸ்' (1976), மைக்கல் ஜக்சனின் 'பீற் இற்' (1982) என்பன அவர் கைபட்டவை. கேட்டோர் கோடிக்கணக்கானோர், வாசித்தவரை அறிந்தோர் சிலரே.

ஒலிப்பதிவுக்கூடத் தோழர்களுடன் அவர் தொடக்கிய டோட்டோ குழுவின் முதல் இசைத்தட்டு 1978இல் வெளிவந்தது. அக்குழுவிடம் உள்ளது உயிரற்ற தொழிற்றிறன் மட்டுமே என்பது விமர்சகர் சிலர் சுமத்திய குற்றம். இது முற்றிலும் ஆதாரமற்றதன்று. பாடல்கள் சிலவற்றில் மெருகு மிகுந்து உணர்ச்சி மெலிந்துள்ளது. ஆனால் தொழிற்றிறனையும் கலையையும் எதிரெதிரே நிறுத்துவோர் 'றொசானா'வை (1982) எவ்வாறு விளக்குவர்?

அப்பாடலின் தாளம், கர்நாடக இசையில் திஸ்ர நடை எனப்படுவதற்கு அண்மையது. ஒவ்வோர் எண்ணிக்கையும் மூன்றாகப் பிளவுபட, அழுத்தமான அடி மூன்றாம் எண்ணிக்கையில் விழுகின்றது. இடைவெளிகளைக் கேட்டும் கேளாத மெல்லடிகள் நிரப்புகின்றன. இவ்வமைப்பைப் பேர்னாட் பேர்டியிடமிருந்தும் லெட் செப்பெலின் குழுவின் ஜோன் பொன்ஹமிடமிருந்தும் பெற்றதாகவும், காலால் இயக்கும் பெருமுரசுக்குப் போ டிட்லியின் தாளத்தைத் தழுவியதாகவும் போர்க்காரோவே வெளிப்படையாகக் கூறியுள்ளார். கடனை மறைக்காத இந்நேர்மை கவனத்துக்குரியது. பேர்டியும் டிட்லியும் கறுப்பினக் கலைஞர். றொக் இசை ஈட்டிய செல்வமும் புகழும் அவ்வினத்தாரைப் பெரும்பாலும் கடந்தே சென்றன. முன்னோரின் அடிகளை இணைத்து, அவற்றுள் எதனையும் போலல்லாத நடையொன்றை ஆக்குதல் வெறுந் தொழிற்றிறனாயின், மரபு என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேடவேண்டும்.

1983இல் 'றொசானா' ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிறாமி விருதைப் பெற்றது. எனினும் போர்க்காரோ பிறருக்கு வாசிப்பதை நிறுத்தினாரல்லர். 1992 ஓகஸ்ட் 5இல், 38 வயதில் இறக்கும்வரை இரு பணிகளும் தொடர்ந்தன. அத்தாளத்தை இன்று மாணவர் ஒரு பாடமாகவே பயில்கின்றனர். அதற்கு வழங்கும் பெயரோ பாடலினுடையது, வாசித்தவருடையதன்று.