விஸ்லரின் மூன்று பில்கள்

கலைக்கு விலை வைப்பது பற்றி எங்கே பேச்சு வந்தாலும் விஸ்லர் கதை வந்துவிடும். போட்டோகிராஃபர் நண்பர்களுக்கு இது ரொம்பப் பிடித்த கதை. "ஒரு பட்டனை அமுக்குறதுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்பவர்களிடம் எடுத்து நீட்ட வசதியானது. எனக்கு அந்தக் கதைமேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. பொய் என்பதால் அல்ல, பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்பதால்.

தெரிந்த பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877இல் லண்டன் குரோவனர் காலரியில் ஜேம்ஸ் விஸ்லரின் ஓவியம் ஒன்று இருந்தது. இருட்டில் வாணவேடிக்கைப் பொறிகள் உதிரும் காட்சி. விலை 200 கினியா. அன்றைய பெரிய விமர்சகர் ஜான் ரஸ்கின், பெயிண்டை ஜனங்கள் முகத்தில் கொட்டிவிட்டு இவ்வளவு பணமும் கேட்கிறாரே என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினியா என்று ரஸ்கின் தரப்பு வக்கீல் கேட்க, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்காகக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். கோர்ட்டில் கைதட்டல்.

நாம் கதையை இங்கே முடித்துவிடுகிறோம். ஆனால் வழக்கில் ஜெயித்த விஸ்லருக்குக் கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு அவர் தலையில். 1879இல் திவாலானார், வீடு போனது. அதே ஓவியம் 1892இல் 800 கினியாவுக்கு விற்றது உண்மைதான். நடுவில் போன பதினாலு வருஷத்துக்கு வாடகை யார் கொடுப்பது?

அந்தப் பதில் தப்பு என்று நான் சொல்லவில்லை. மணிக்கணக்குப் பார்த்துக் கலைக்கு விலை போட முடியாது. கை பழகப் பழக வேலை சீக்கிரம் முடியும். மணிக்கு இவ்வளவு என்று வைத்தால், தேர்ந்தவருக்குக் கத்துக்குட்டியைவிடக் குறைந்த கூலிதான் வரும். ஆனால் அந்தப் பதில் விளக்குவது, விலை ஏன் மணிக்கணக்கில் இல்லை என்பதை மட்டும்தான். ஏன் 200? ஏன் 50 இல்லை, 500 இல்லை? அதற்கு அதில் பதிலே கிடையாது.

அதைப் புரிந்துகொள்ள விஸ்லரின் இன்னொரு பில்லைப் பார்க்கணும். கப்பல் முதலாளி லேலண்டின் லண்டன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சின்னச் சின்ன வர்ண வேலை செய்ய 1876இல் விஸ்லர் ஒத்துக்கொண்டார். முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில் வேலை வளர்ந்துகொண்டே போனது. சுவரிலிருந்த விலையுயர்ந்த பழைய தோல் மீதே வர்ணம் அடித்து, அறை முழுக்க நீலமும் பொன்னுமாக மயில்களை வரைந்துவிட்டார். கடைசியில் 2,000 கினியா கேட்டார். லேலண்ட் கொடுத்தது அதில் பாதி, அதுவும் கினியாவில் இல்லை, 1,000 பவுண்டு. கினியாவுக்கு 21 ஷில்லிங், பவுண்டுக்கு 20. அன்றைக்குக் கலைஞர்களுக்குக் கினியாவில் கொடுப்பார்கள், கடைக்காரருக்கும் வேலையாளுக்கும் பவுண்டில். அந்த ஒரு ஷில்லிங் குறைப்பில் இருந்த அவமானம் விஸ்லருக்குக் கடைசிவரை ஆறவில்லை. கோபத்தில், சண்டையிடும் இரண்டு மயில்களையும் அதே சுவரில் வரைந்தார். ஒன்றின் காலடியில் வெள்ளிக்காசுகள்.

அந்த அறை இப்போது வாஷிங்டன் ஃப்ரீயர் காலரியில் இருக்கிறது. பிரமாதமான வேலை. இருந்தாலும் இந்தச் சண்டையில் நான் விஸ்லர் பக்கம் முழுசாக நிற்க மாட்டேன். வாணவேடிக்கைப் படத்துக்கு விலை முதலிலேயே தெரிந்தது. வேண்டாதவர் நகர்ந்து போகலாம், ரஸ்கின் உள்பட. மயில் அறையில் வேலை முடிந்த பிறகுதான் விலை வந்தது. இரண்டிலும் அதே மேதைதான், அதே வாழ்நாள் அறிவுதான். ஒன்றில் அவர் கேட்டது நியாயம், மற்றதில் தகராறு. வித்தியாசம் திறமையில் இல்லை, முன்கூட்டிச் சொன்னதில் இருக்கிறது.

மூன்றாவது பில்லை யாரும் சொல்வதில்லை. திவாலான பிறகு ஃபைன் ஆர்ட் சொசைட்டி அவரை வெனிஸுக்கு அனுப்பியது. கேட்டது 12 செப்புத்தகட்டு அச்சோவியங்கள். 1880இல் வந்த அந்தத் தொகுதிக்கு 50 கினியா விலை, 100 தொகுதிகள் மட்டும் என்று வரையறை. போட்டோகிராஃபர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது கோர்ட் வசனத்தை அல்ல, இதைத்தான். எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்க முடிகிற பொருளுக்கு, இத்தனைதான் என்று எழுதிக்கொடுத்து அதைக் காப்பாற்றினால்தான் ஒரு பிரதிக்கு விலை நிற்கும்.

அதனால் அடுத்த தடவை யாராவது "பட்டனை அமுக்குறதுக்கா?" என்று கேட்டால், வாழ்நாள் அறிவு பற்றிப் பிரசங்கம் வேண்டாம் என்பேன். எத்தனை படம், எத்தனை பிரதி, எங்கெல்லாம் போட்டுக்கொள்ளலாம், கூடுதல் வேலை வந்தால் எவ்வளவு என்பதை வேலைக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தொகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் போகட்டும். அதில் இரண்டு பேருக்கும் அவமானம் இல்லை. மயில் அறைக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், பவுண்டா கினியாவா என்ற பேச்சே வந்திருக்காது.