ஆறு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

பாயில் ஒண்ணுக்குப் போகும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது இன்று அநேகமாக எல்லா வீட்டுக்கும் தெரியும். நெருப்பில் விளையாடினால் ராத்திரி பாயை நனைப்பாய் என்ற மிரட்டல் குறைந்துவிட்டது. நனைந்த பாயைத் தெருப்பக்க வேலியில் போட்டு ஊருக்குக் காட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சாதுவான வழக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது: மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைக்குத் தண்ணீர் கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் யோசனைகளில் தவறாமல் இடம்பிடிப்பது இது. மரக்காணம் பக்கம் அனுமந்தையில் எனக்குப் பழக்கமான ஓர் ஆயா இதற்கு வக்காலத்து வாங்கிய விதம்தான் என்னை எழுத உட்காரவைத்தது. "அடிக்கல, வையல. தண்ணிய மட்டுந்தான் நிறுத்துறோம். எம் புள்ளைங்க மூணும் இப்படித்தான் சரியாச்சி."

மூன்றும் சரியானது உண்மையாகத்தான் இருக்கும். ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுபோகிறது. அந்த வருஷம் தாயத்து கட்டியிருந்தால் தாயத்துக்குப் பேர். தண்ணீரை நிறுத்தியிருந்தால் அதற்குப் பேர்.

வழக்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். படுக்கும் நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கத் தேவையில்லை. பாய் நனைப்பதற்குத் தரும் டெஸ்மோபிரசின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு, மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை தண்ணீரைக் குறைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகலாம். விடியும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்பும் தாய், அதற்கும் முன்னே எழுந்து பாயையும் போர்வையையும் அலச வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். அவளிடம் போய் நான் பாடம் நடத்த முடியாது.

ஆனால் வழக்கம் எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லலாம். மருத்துவர்களும் மாலைத் தண்ணீரைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கு முழுசாக இப்படி: பிள்ளை ஒரு நாளில் குடிப்பதை ஐந்து பங்காக்கினால் நண்பகலுக்குள் இரண்டு பங்கு, மாலை ஐந்துக்குள் இன்னும் இரண்டு, மிச்சம் ஒன்று அதற்குப் பிறகு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டி, நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 1000 முதல் 1400 மில்லி குடிக்க வேண்டும் என்கிறது. அது லண்டன் வெயிலுக்கு எழுதியது. மரக்காணத்துச் சித்திரைக்கு இன்னும் கூட்டிக்கொள்ளலாம். நம் வழக்கம் இந்தக் கணக்கின் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. முதல் நான்கு பங்கு பிள்ளையின் வயிற்றுக்குப் போனதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பெரும்பாலும் போவதில்லை. காலையில் ஒரு டம்ளர் டீயோடு பிள்ளை பள்ளிக்குப் போகிறது. கழிப்பறை நாறுகிறது, அல்லது தாழ்ப்பாள் இல்லை. குடித்தால்தானே போகவேண்டும் என்று குடிக்காமலே இருந்துவிடுகிறது. பெண்பிள்ளைகள் இதில் இன்னும் கெட்டி. இந்த சாமர்த்தியத்தை அவர்கள் வெளியில் கற்கவில்லை. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத உப்புப் பாத்திகளில், கண் கூசும் வெயிலில், வேலை முடியும்வரை வாயை நனைக்காமல் ஓட்டிவிடும் பெண்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். நாலரை மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு நாள் முழுவதன் தாகமும் சேர்ந்து வருகிறது. அப்போது கையில் கொடுப்பது மறுபடியும் டீ. சிறுநீரைத் தூண்டும் டீக்குத் தடையில்லை, தண்ணீருக்குத்தான் தடை.

இரவில் பாய் நனைவதற்கு மாலைத் தண்ணீர் மட்டும் காரணம் என்றால் எல்லாப் பிள்ளைகளும் நனைக்க வேண்டும். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு கூடுவதில்லை. சிலருக்கு சிறுநீர்ப்பை கொள்வது குறைவு. பை நிறைந்தும் தூக்கம் கலைவதில்லை. பெற்றோரில் ஒருவர் சின்ன வயதில் நனைத்திருந்தால் பிள்ளை நனைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 44, இருவரும் என்றால் 77. ஆயாவின் மூன்று பிள்ளைகளும் நனைத்ததையும் இப்போது பேரன் நனைப்பதையும் இந்தக் கணக்கு விளக்கும். ஆறு மணித் தண்ணீர் விளக்காது.

பகல் வறட்சிதான் உண்மையில் கெடுதல் செய்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமார் 210 மில்லி பிடிக்க வேண்டும். பகலில் நிறைந்து, காலியாகி, மறுபடி நிறைந்து பழகாத பை இரவில் மட்டும் எப்படித் தாங்கும்? போதாததற்கு, தண்ணீர் இல்லாத வயிறு கட்டிக்கொள்கிறது. இறுகிய மலம் பையை அழுத்துகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே நனைப்பது குறைந்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஆறு மணிச் சட்டம் இவர்களுக்கு நோயையே மருந்தாக ஊட்டுகிறது.

இதைவிட வேலை செய்யும் வழி ஒன்று பழையதுதான். நனைந்ததும் மணியடிக்கும் கருவியைப் பற்றி உளவியலாளர்களான மவ்ரர் தம்பதி 1938-லேயே எழுதிவிட்டார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அது யாரை எழுப்பும் என்பது வேறு கேள்வி.

ஆயா சொன்னதில் எனக்கு மிகவும் உறுத்தியது 'அடிக்கல' என்ற சொல். வீடே சாப்பிட்டுக் கை கழுவித் தண்ணீர் குடிக்கிறது. விக்கலோடு கேட்கும் ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை. எதற்காக என்று அக்கா தங்கைகளுக்கும் தெரியும், சாப்பிட வந்த மாமனுக்கும் தெரியும். வேலியில் பாய் போட்டால் தெரு பார்க்கும். இங்கே வீடு பார்க்கிறது. இதை அடியின் தம்பி என்றுதான் சொல்வேன்.

ஒரு நிலைமையில் இது உயிருக்கே உலை வைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, ஓயாமல் தண்ணீரும் கேட்டு, இளைத்தும் வந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். தாகம் அங்கே நோயின் குரல். சொம்பை எட்டாத இடத்தில் வைக்கிற வீட்டில் அந்தக் குரல் 'அடம்' என்று பேர் வாங்கும்.

பகல் தண்ணீருக்குத் திரும்பினால், பள்ளியில் தண்ணீர் குடிக்க மணியடிக்கும் ஏற்பாடு கேரளத்தில் 2019-லும் தமிழ்நாட்டில் 2025-லும் வந்தது. மணி சரி, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் எப்போது வரும்? ஆயா வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் பள்ளியிலிருந்து வந்து பையைத் திண்ணையில் போட்டான். பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருந்தது. ஆயா மூடியைத் திருகி, பழைய தண்ணி என்று அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.