கிரீன் எல்லாம் பச்சையா?

ஆங்கிலத்தில் 'கிரீன்' என்றொரு சிறு சொல் உண்டு. அதற்குப் பச்சை என்று பள்ளிச் சிறாரும் பொருள் சொல்லிவிடுவர். மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் சிலரும் அவ்வளவோடு நிறைவு கொண்டுவிடுவதுதான் நம் வருத்தம்.

வளர்தலைக் குறிக்கும் 'குரோ', புல்லைக் குறிக்கும் 'கிராஸ்' ஆகிய சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது இது. ஆகவே நிறத்தோடு உயிர்ப்பும் இதன் கருவிலேயே உண்டு. முற்றாத காயும், உலராத விறகும், தொழில் பழகாத இளைஞனும் ஆங்கிலேயருக்குக் கிரீன்தான். இதுவரை தமிழும் உடன் வருகிறது. பச்சைக் காய், பச்சை விறகு, பச்சைப் பிள்ளை என்று நாமும் சொல்கிறோமல்லவா? அதற்கப்பால் வழி பிரிகிறது. நம் பச்சைத் தண்ணீருக்கும் பச்சைப் பொய்க்கும் அச்சொல் உதவாது. ஆபாசப் பேச்சை நாம் பச்சை என்போம். அவர்களோ அதற்கு நீலத்தை வைத்திருக்கின்றனர்!

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில், மூர் இனத் தளபதியின் உள்ளத்தில் நஞ்சு கலக்கும் இயாகோ, மனைவி மீது கணவன் கொள்ளும் ஐயத்தைப் பச்சைக் கண்ணுடைய கொடிய விலங்காகச் சித்திரிக்கிறான். இரையோடு விளையாடும் பூனையை நினைத்தே கவிஞர் இவ்வாறு எழுதினார் என்பர் உரைகாரர் பலர். இதைப் 'பச்சைக்கண் பூதம்' என்று தமிழாக்கினால் பாட்டி கதைதான் நினைவுக்கு வரும். அச்சம் வராது. நமக்குப் பொறாமை என்பது நெருப்பு; வயிறு எரிகிறது என்கிறோம். அதற்குக் கண்ணின் நிறம் எதற்கு?

நன்றாக அமைந்த தமிழாக்கமும் உண்டு. 1968-இல் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட், சோவியத்தின் சிவப்புப் புரட்சியும் ஈரான் மன்னரின் வெண்மைப் புரட்சியும் அல்லாத மற்றொன்றாக வேளாண்மை வளர்ச்சிக்குக் கிரீன் என்ற அடைமொழியைச் சூட்டினார். தமிழில் அது 'பசுமைப் புரட்சி' ஆயிற்று. 'பச்சைப் புரட்சி' என்றிருந்தால் காது ஏற்றிருக்குமா?

இலக்கியத்தில் நேரும் பிழை நகைப்போடு போய்விடும். மார்க்க நூல்களை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழாக்கும்போது அப்படி விட்டுவிட இயலாது. ஹக்கீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்கக் கேட்கக் கொடுத்துவந்த நபி பெருமானார் (ஸல்) அவர்கள், பின்னர் செல்வத்தின் இயல்பை அவருக்கு உணர்த்திய ஹதீஸ் புகாரியில் உள்ளது. அங்கே செல்வத்துக்குக் கூறப்படும் 'களிரா' என்ற அரபுச் சொல், மேயும் கால்நடையைச் சுண்டியிழுக்கும் தளதளத்த புல்வெளியை நினைவூட்டுவது. ஆங்கிலத்தில் அது கிரீன் ஆகிறது. அதைப் பார்த்து ஒருவர் 'செல்வம் பச்சையானது' என்று எழுதினால், வேகாத உணவைச் சொல்வதாக நம் வீட்டுப் பெண்கள் எண்ணக்கூடும். புல்லும் இல்லை, இழுப்பும் இல்லை, எச்சரிக்கையே மறைந்துபோகிறது. 'பசுமையானது' என்றால் ஓரளவு தேறும். 'பசும்புல்போல் கவர்வது' என்று விரிப்பதே நமக்கு உவப்பு.

சூரத்துர் ரஹ்மானின் 64-ஆம் வசனம் ஒரே சொல்லால் ஆனது: 'முத்ஹாம்மத்தான்'. இரு சுவனத் தோட்டங்களின் அடர்ந்த செழிப்பைக் கருமையின் சாயலில் காட்டும் சொல் அது. பாலையிலிருந்து வருவோர் கண்ணுக்கு ஈராக்கின் பேரீச்சந் தோப்புகளும் வயல்களும் கருமையாகத் தோன்றியதால், அரபிகள் அந்நிலத்தையே 'ஸவாத்', அதாவது கருமை, என்றழைத்தனர். ஆங்கிலப் பெயர்ப்பாளர் இவ்விடத்தில் கிரீனுக்கு முன்னே இருளைக் குறிக்கும் அடைமொழி ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கிறார். நம் உழவரோ செழித்த நாற்றைப் பார்த்து, 'பயிர் கருகருவென்று நிற்கிறது' என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்துபோகிறார்.