மீட்புவிலையை வாங்கியது யார்?

அடகு வைத்த நகையை மீட்கிறோம். அதே வினைச்சொல்லைத்தான் கடவுள் மனிதனுக்குச் செய்ததாகக் கிறிஸ்தவம் நம்புவதற்கும் பயன்படுத்துகிறோம். நகை என்றால் கடைக்காரர் ஒருவர் இருப்பார், பணம் அவர் கைக்குப் போகும். மனிதனை மீட்டபோது அந்தப் பணத்தை வாங்கியது யார்? சிறுபிள்ளைக் கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இறையியலாளர்கள் பல நூற்றாண்டுகள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பதில் மாறினால் கடவுளின் குணமும் மாறிவிடுகிறதே.

4ஆம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, வாங்கியது சாத்தான் என்றார். இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள். கதையாகச் சுவாரசியம்தான், ஆனால் கடவுள் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார். (கிரகோரிக்கே இது உறுத்தியிருக்கிறது. ஏமாற்றியவனை ஏமாற்றியது நியாயம்தான் என்று வாதாடுகிறார்.) அவருடைய நண்பர் நாசியான்சஸின் கிரகோரி, கொள்ளைக்காரனுக்கு விலை கொடுப்பதா என்று இதை நிராகரித்தார், தந்தை கேட்டு வாங்கினார் என்பதையும் ஏற்கவில்லை. பிறகு 1098 வாக்கில் அன்செல்ம் வந்து, கடன் சாத்தானுக்கு இல்லை, கடவுளுக்கே என்றார். மனிதன் பறித்த மகிமைக்கு ஈடு கட்டியாக வேண்டுமாம். தர்க்கம் கச்சிதம். ஆனால் கணக்கு நேராகும்வரை இரக்கம் வாசலிலேயே காத்திருக்கிறது.

இவர்கள் எல்லோரும் கடைக்காரரையே தேடினார்கள் என்பது என் எண்ணம். எபிரேய மூலத்தில் முதலில் நிற்பவர் உறவுக்காரர். அவருக்குப் பெயர் 'கோஎல்'. லேவியராகமம் 25இன்படி, ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றாலோ, தன்னையே விற்றுக்கொண்டாலோ, மீட்கும் உரிமை நெருங்கிய சொந்தத்துக்கு உண்டு. ரூத்தின் கதையில் போவாஸைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். நிலம் வேண்டும் என்கிறான். கூடவே ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், தன் சொத்து கெட்டுவிடும் என்று நழுவிவிடுகிறான். கதை அவனுக்குப் பெயர்கூடத் தரவில்லை! ஆக, மீட்கிறவன் கைநஷ்டப்படத் தயாராக இருக்க வேண்டும். யாத்திராகமம் 6இல் கடவுள் இஸ்ரவேலரை மீட்பேன் என்று சொல்லும்போதும் இதே வினைச்சொல்தான். பார்வோனுக்கு அங்கே ஒரு காசும் போகவில்லை. மாற்கு 10:45 மீட்புவிலை பற்றிப் பேசுகிறதே என்று கேட்கலாம். பேசுகிறது, ஆனால் யாருக்கு என்று சொல்லவில்லை.

சரி, கடவுள் நம் சொந்தக்காரர் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவ்வளவு லேசில்லை. கொலையுண்டவனுக்காகப் பழிவாங்க வேண்டியவனும் அதே கோஎல்தான் (எண்ணாகமம் 35). பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது கண்ணில் படாது. ரூத்தில் 'சுதந்தரவாளி', யோபுவில் 'மீட்பர்', எண்ணாகமத்தில் 'பழிவாங்க வேண்டியவன்' என்று ஒரே சொல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. படிக்க வசதி, ஆனால் முக்கியமான சிக்கல் ஒன்று மறைந்துபோகிறது. ஒருவனுக்காக நிற்கும் பாசமும் இன்னொருவன்மேல் பாயும் பழியும் ஒரே உறவிலிருந்துதான் வருகின்றன. எகிப்தின் தலைப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கண்ணோடு சிலுவையைப் பார்த்தால் அன்செல்மின் கணக்குப் புத்தகம் தேவைப்படாது. அநியாயமாகக் கொல்லப்பட்ட மகனுக்காகப் பழிவாங்கும் முழு உரிமை தந்தைக்கு இருக்கிறது. அவர் அதைக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் சுவிசேஷக் கதை. கொல்கிறவர்களை மன்னிக்கச் சொல்லி மகனே கேட்கிறான் (லூக்கா 23:34). அந்த வேண்டுதல், வத்திக்கான் பிரதி உட்படச் சில மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. பிற்பாடு சேர்த்தார்களா, இல்லை யாரோ தாங்க முடியாமல் எடுத்துவிட்டார்களா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.