எந்தக் கதை?

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு கடை முன் நின்றிருந்தேன். கல்லூரி மாணவி ஒருத்தி கைபேசியைப் பார்த்துப் பெயர்களை வாசித்தாள்: புதுமைப்பித்தன், தி. ஜானகிராமன், அசோகமித்திரன். "இவங்க புக் இருக்காண்ணா?" கடைக்காரர், "எந்த புக்கும்மா வேணும்?" என்றார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டியல் கொடுத்தவர் பெயர்களோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

பிடித்த எழுத்தாளரை அடுத்தவருக்குச் சொல்லும் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தபோது அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்த அந்த மனிதர் எழுதியவை மொத்தம் இரண்டே நாவல்கள். ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் நுழையும் அந்தத் தொடக்கம் இன்று பலருக்கு நெருக்கமாகியிருக்கிறது. சி. மோகன் போன்ற வாசகர்கள் விடாமல் பேசியதால்தான் அது நடந்தது.

இந்தப் பழக்கத்தை ஒரு விமரிசன முறையாகவே வளர்த்தவர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று நூலுக்கே தலைப்பு வைத்தவர் அவர். நல்ல வாசகனின் ரசனையே போதும், பட்டியல் போட்டுக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வார்கள் என்பது அவர் கட்சி. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா இதை ஏற்கவில்லை. படைப்பைப் பிரித்து அலசி, ஏன் நல்லது என்று காட்டவேண்டும் என்றார். என் மனம் செல்லப்பா பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் பட்டியல் இல்லாவிட்டால் பாதிப் பேர் படிக்கவே தொடங்கியிருக்க மாட்டார்கள். அந்த நன்றியை மறக்க முடியாது.

காரணம் சொல்லாத பெயர் கை மாற மாற வெறும் அடையாளமாகிவிடுகிறது. 'நான் ஜானகிராமன் வாசகன்' என்றால் 'அம்மா வந்தாள்' பிடிக்குமா, சிறுகதைகளா என்று யாரும் கேட்பதில்லை. புதுமைப்பித்தனின் முழுத் தொகுப்பைத் தூக்கிவந்து பாதியில் மூடிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'செல்லம்மாள்' ஒன்றை மட்டும் முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய குறை, அதே பத்துப் பெயர்களே சுற்றிச் சுற்றி வருவது. ஆர். சூடாமணியும் கிருத்திகாவும் எத்தனை பட்டியலில் இருக்கிறார்கள்? யார் சொன்ன பெயரை நாம் திருப்பிச் சொல்கிறோமோ, அவர்கள் படிக்காமல் விட்டதையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

கிருத்திகாவின் 'வாசவேச்சுவரம்' எனக்கு எந்தப் பட்டியலிலிருந்தும் கிடைத்ததல்ல. எங்கள் ஊர் நூலகத்தில் இருந்த உதவியாளர் அட்டை கிழிந்த பிரதியை நீட்டி, "நாப்பது பக்கம் படிங்க தம்பி. பிடிக்கலைன்னா நாளைக்கே கொண்டாங்க" என்றார். ஆசிரியர் யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாவலை முடித்துவிட்டு விடிகாலையில்தான் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தேன்.

பிடித்த எழுத்தாளர் யார் என்று உங்களிடம் யாராவது கேட்டால் ஒரு கதையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் கையோடு கொடுத்தனுப்புங்கள்.